பிளேன்டி நிறம்

அன்று காலை, மீன்குஞ்சு பொரிக்கிற ஹெச்சரியின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்:

முதலாளி ஹயாத்து முகம்மது ஹாஜியார், சாய்வுக் கதிரையில்.

களப்பில் கூடு கட்டி மீன் வளர்க்கும் றிம்ஸான், அவருக்கு எதிர்க் கதிரையில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

ஹாஜியாருடைய ராத்தாவின், அதாவது அக்காவின், மகன் முஸம்மில், பகல் வேலைக்காரன், ஜன்னல் கட்டையில்.

நுணுக்குக்காட்டியில் கிருமி பார்க்கிற ஆய்வு அறைப் பிள்ளை முஃப்லிஹா, கதவோரம், நின்றபடி.

இரவு வேலைக்காரன் யசோதரன், நடுவில், நின்றபடி. அவனுக்கு ஒருவரும் கதிரை காட்டவில்லை. காட்டியிருந்தாலும் இருந்திருக்க மாட்டான். விடியவிடிய முழித்த உடம்பு, இருந்தால் அப்படியே சரிந்துவிடும்.

மேசையில் ஒரு றாத்தல் கோதுமைப் பாணும் பருப்புக் கறியும் கேத்தலில் பால் விடாத பிளேன்டியும் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, சாப்பாட்டுச் சாமான் மாதிரி, மூடி போட்ட மூன்று வட்டத் தட்டுகள்.

விஷயம் இதுதான். மாரி தொடங்கியதிலிருந்து தாய்க் கொடுவா மீன்கள் விடுகிற முட்டை சரியாகப் பொரிப்பதில்லை. நல்ல முட்டை கண்ணாடித் துளி போல மேலே மிதக்கும். இவையோ விடிவதற்குள் வெளுத்து மங்கித் தொட்டியின் அடியில் போய்ப் படிந்துவிடுகின்றன. தப்பிப் பொரித்த கொஞ்சத்தை வளர்த்து றிம்ஸானுக்குக் கொடுத்தார்கள். அவனுடைய கூட்டில் அவை ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. அதற்குத்தான் அவன் வந்திருந்தான், ஆலங்குடாவிலிருந்து காலைப் பசியோடும் கோபத்தோடும்.

"மகள், நீயே சொல்லு," என்றார் ஹாஜியார்.

முஃப்லிஹா முதல் தட்டைத் தூக்கிக் காட்டினாள். "இது முட்டையில இருந்து எடுத்தது. இந்த மஞ்சப் புள்ளி எல்லாம் பற்றீரியா. முட்டைட மேல்தோல்ல ஒட்டிட்டு ஈக்கி. முட்டைய அது மூச்சு விட விடாது." இரண்டாவது தட்டை எடுத்தாள். அதிலும் மஞ்சள் புள்ளிகள், அம்மை போட்டது போல. "இது யசோ அண்ணன்ட கை." மூன்றாவது தட்டு வெறுமையாக இருந்தது. "இது முஸம்மில் நாநாட கை."

முஸம்மில் இரண்டு கையையும் விரித்துச் சபைக்குக் காட்டினான். "பாருங்க மாமா. பால் மாதிரி."

"வாயப் பொத்து."

"நான் சும்மா சொல்லல்ல மாமா. யசோ மச்சான் செத்த வீட்டுக்குப் போன ராவு முட்டை எடுத்தது ஆரு? நான்தானே. அது மட்டும் எப்பிடிப் பொரிச்ச? தொட்டி நெறயப் பொரிச்ச."

அது உண்மை. மாரிக்குள் உருப்படியாகப் பொரித்த ஒரே முட்டை அதுதான். யசோதரன் சித்தப்பாவின் செத்த வீட்டுக்குத் தன் ஊரான உடப்புக்குப் போயிருந்தான். முஸம்மில் போனில் படம் பார்த்துக்கொண்டே அள்ளிய முட்டை குதியாட்டம் போட்டுப் பொரித்தது.

"ஹாஜியார், ஒங்களோட எனக்குக் கோவம் இல்ல," என்றான் றிம்ஸான். "கை கழுவாத ஒருத்தன வெச்சிக்கிட்டு மீன் வளக்கிறீங்க. அதான் என்ட கவல."

எல்லோரும் யசோதரனின் கைகளைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். உப்புத் தண்ணீரில் ஊறி நுனி சுருங்கிய, நகம் மஞ்சளடித்த கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். அது இன்னும் கள்ளத்தனமாக இருந்தது. முன்னால் கொண்டுவந்து தொங்கவிட்டான்.

இந்த வேலை போனால் அவனுக்குப் போக்கிடம் உடப்புதான். உடப்பில் அப்பா தம்பிமுத்துவின் கரைவலை இருக்கிறது, அந்த வலையின் கயிற்றில் அவனுக்கென்று ஒரு இடம் காலியாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கப் போனவன் இரண்டாம் வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததை ஊர் இன்னும் மென்று முடிக்கவில்லை. கயிறு இழுப்பது அவனுக்குப் பெரிதில்லை. கயிற்றில் முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்த்து, "கெம்பஸ் தம்பி, தம் பிடிச்சு இழுங்கோ," என்பான். பின்னால் நிற்பவன் சிரிப்பான். வலை கரைக்கு வரும் வரைக்கும் சிரிப்பான். இங்கே இரவில் மீன்கள் ஒன்றும் கேட்பதில்லை. தொட்டிக்குள் காற்றுக் குழாய் குமிழி விடும், தூரத்தில் நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டின் சிவப்பு விளக்கு மினுங்கும். மனிதர் முகம் பார்க்காமல் மாதக்கணக்கில் இருக்கலாம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

"கழுவினியா தம்பி?" ஹாஜியாரின் குரல் சூடாக இல்லை. அதுதான் பயம்.

"கழுவினனான் ஹாஜியார்."

"ஒவ்வொரு தரமும்?"

"ஒவ்வொரு தரமும். வலை போட முதல், முட்டை அள்ள முதல், தொட்டி மாத்த முதல். நீங்க சொன்ன மாதிரியே."

"எதுல?"

"வாளிலதான்."

வாளி என்றால் அந்த இடத்தில் ஒரே வாளிதான். முட்டை அறை வாசலில் நிற்கிற நீல வாளி. அதற்குள் அயடீன் மருந்து கலந்த தண்ணீர். கை, வலை, கடைசியில் வலையோடு முட்டை, எல்லாம் அதில் முக்கி எடுக்க வேண்டும். இது ஹாஜியாரின் இறால் காலத்துச் சட்டம். இறால்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது சுற்றிவர இருந்த குளங்கள் எல்லாம் செத்தன. ஹாஜியாரின் குளம் கடைசியாகத்தான் செத்தது. கடைசியாகச் செத்ததற்குக் காரணம் வாளி என்பது அவருடைய நம்பிக்கை.

மருந்துக்கு அளவு, ஒரு கிளாஸ் பிளேன்டியின் நிறம். விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வருகிற ஹாஜியார் கையில் பிளேன்டிக் கிளாஸோடு வாளிக்குப் பக்கத்தில் நிற்பார். கிளாஸையும் பார்ப்பார், வாளியையும் பார்ப்பார். வாளி வெளிறியிருந்தால் மருந்துப் போத்தலைச் சரித்து, இரண்டும் ஒரே நிறமாகும் வரைக்கும் விடுவார். பிறகு பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போவார். மருந்துப் போத்தலில் வேறு ஒருவரும் கை வைப்பதில்லை.

"சரி," என்றார் ஹாஜியார். "ஒங்கட ஊருத் திரௌபதை அம்மன் கோயிலுக்குப் போ. கற்பூரம் அணைச்சிச் சத்தியம் பண்ணு, நான் கழுவினன் எண்டு. றிம்ஸான் ஒன்னோட வரட்டும். நீ சத்தியம் பண்ணினா நான் நம்புவன், அவனும் நம்புவான். என்ன றிம்ஸான்?"

"கோயில்ல பொய்ச் சத்தியம் செய்ற ஆக்கள் இல்ல அவங்க. அது எனக்குத் தெரியும்."

"பண்ணுறன்," என்றான் யசோதரன்.

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அவனுக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. ஆனால் கழுவினது சத்தியம். உலகத்தில் அவன் ஒழுங்காகச் செய்த வேலை ஏதும் இருந்தால் அது இந்தக் கழுவல்தான். கற்பூரத்தை என்ன, தீக்குழியையே மிதிக்கலாம்.

கதவோரம் நின்ற முஃப்லிஹா இரண்டாவது தட்டையும் மூன்றாவது தட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனமூலையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை. பகலில் வந்து பகலிலேயே போய்விடுவாள். முட்டை எடுக்கிற நேரம் அவள் இங்கே நின்றதே இல்லை.

"ஹாஜியார், வாளிக்குக் கடைசியா மருந்து போட்டது எப்ப?"

"மாரி தொடங்கின பொறகு போடவே தேவப்படல்ல. நெறம் கொறயவே இல்லையே. இந்தத் தரம் வந்தது நல்ல மருந்து."

"வாளிக்குத் தண்ணி எங்கயிருந்து எடுக்கிற?"

"வாய்க்கால்ல. கடல் தண்ணிய வடிகட்டி எடுக்கிறது மீனுக்கு மகள், கை கழுவ இல்ல."

வாய்க்கால் களப்பிலிருந்து வருகிறது. இரண்டு கரையிலும் கண்டல் மரம். மாரி மழைக்குக் கண்டல் இலை உதிர்ந்து அழுகித் தண்ணீரில் சாயம் இறங்கும். வாய்க்கால் முழுக்கப் பிளேன்டி நிறத்தில்தான் ஓடும். அந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

யசோதரனுக்கு அதற்கு மேலும் ஒன்று தெரியும். மாரி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வாளியில் ஆஸ்பத்திரி மணம் போய்விட்டது. கையை முக்கினால் சேற்று மணம்தான் வந்தது. அவன் அதை மோந்தான், நினைத்தான், விட்டுவிட்டான். ஹாஜியாரின் வாளி, ஹாஜியாரின் போத்தல், ஹாஜியாரின் மூக்கு. சொன்னால் கதை வரும். கதைக்குப் பயந்துதானே அவன் இரவு வேலைக்கே வந்தான்.

முஃப்லிஹா மேசைக்கு வந்தாள். பாணில் வெள்ளைப் பக்கமாக இரண்டு துண்டு பிய்த்தாள்.

"என்ன புள்ள, பசிக்கிதா?" என்றான் முஸம்மில்.

அவள் துண்டுகளோடு முட்டை அறைப் பக்கம் நடந்தாள். என்னவென்று பார்க்க எல்லோரும் பின்னால் போனார்கள், ஹாஜியார் கடைசியாக. அவள் ஒரு துண்டை வாளிக்குள் போட்டாள். அது ஊறி, பழுப்பாகி, நனைந்த பாணாக மிதந்தது. சுவர்ப் பலகையிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்தாள். ஹாஜியார் வாய் திறப்பதற்குள் மற்றத் துண்டில் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு விழுந்த இடம் நீலமாகி, கறுத்து, மை கொட்டியது போல ஆனது.

மாப்பொருளில் அயடீன் பட்டால் கருநீலம். இலங்கையில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையும் பாண் துண்டை வைத்து இதைச் செய்யாமல் விட்டதில்லை. முஸம்மில் கூடச் செய்திருப்பான்.

"வாளில மருந்து இல்ல," என்றாள் முஃப்லிஹா. "இது வெறும் வாய்க்கால் தண்ணி. யசோ அண்ணன் கழுவினது மெய்தான். கழுவக் கழுவத்தான் கையில பற்றீரியா ஏறியிருக்கு. அந்தக் கையாலயும் இந்தத் தண்ணியாலயும் முட்டைக்குப் போயிருக்கு. தட்டுல நான் பிழையா வாசிச்சிட்டன். மன்னிச்சிக்கோங்க அண்ணன்."

"அதான் மாமா!" முஸம்மில் துள்ளினான். "அதான் நான் அந்த வாளில கையே போடுறல்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. ஜன்னலைத் தேடினான். இங்கே ஜன்னல் இல்லை.

முதலில் சிரித்தது றிம்ஸான். சின்னதாகத் தொடங்கி, அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்தான். "அல்லாஹ்! ஹாஜியார், பாணும் போட்டாச்சி. கொஞ்சம் சீனியும் போட்டா பள்ளி வாசல்ல வெச்சி எல்லாருக்கும் குடுக்கலாமே!"

ஹாஜியார் சிரிக்கவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊறிய பாண் மெதுவாகச் சுற்றியது. அவருடைய காது மட்டும் சிவந்திருந்ததை யசோதரன் கண்டான். குற்றம் தன்மேல் இல்லை என்று தெளிந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை. குற்றம் இப்போது யார்மேல் நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது அங்கே நெடுநேரம் நிற்காது என்பதும் தெரிந்திருந்தது.

றிம்ஸான் ஹெல்மெட்டை மாட்டினான். "இனி இஞ்ச குஞ்சு எடுக்க மாட்டன் ஹாஜியார். மத்தக் கூட்டுக்காரங்களுக்கும் சொல்லத்தான் போறன். கோவிக்காதீங்க, சிரிக்காம எப்பிடிச் சொல்ற எண்டுதான் தெரியல்ல." மோட்டார் சைக்கிள் சத்தம் தூரப்போனது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஹாஜியார் யசோதரனை எழுப்பினார். அவன் தன் அறையில் நித்திரை வராமல் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தான். ஹாஜியார் அவனுடைய அறைக்கு வந்ததே இல்லை. கட்டில் விளிம்பில் இருந்தார்.

"தம்பி, ஒன்மேல ஒரு குத்தமும் இல்ல. நீ ஒன்ட வேலையப் பாரு. ராவைக்கு நீதான்."

"சரி ஹாஜியார்."

"ஒண்டு கேக்கிறன், சொல்லு. அந்தப் புள்ள வர முதல், அந்த நுணுக்குக்காட்டிய நான் வாங்க முதல், இஞ்ச பற்றீரியா எண்டு ஒரு கத இருந்திச்சா?"

"முட்டை அப்பவும் செத்தது, ஹாஜியார்."

"செத்தது. முட்டை எண்டா சாகும். அல்லாஹ் தந்தா பொரிக்கும், எடுத்தா சாகும். ஒருத்தரும் வந்து என்ட வாளிக்குள்ள பாண் போடல்ல. தேடினா எந்த வீட்டுலயும் அழுக்கு ஈக்கும். தேடுறதுக்கு நானே ஆள வெச்சன் பாரு. என்னச் சொல்லணும்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவில் கட்டிலில் வைத்தார்.

"றிம்ஸான், காலைல நீ போன பொறகுதான் விஷயம் விளங்கிச்சி. வாளில நான் போட்ட மருந்துத் தண்ணியக் கொட்டிட்டு, வாய்க்கால் தண்ணிய நிரப்பி வெச்சிருக்கு அந்தப் புள்ள. கழுவி வெக்கிறன் எண்டு செஞ்ச வேல. புதுப் புள்ள, படிச்ச புள்ள, தெரியாமச் செஞ்சிட்டு. ஆத்திரம் இல்ல எனக்கு. யசோதரன் எல்லாத்தையும் கண்டவன். அவன்ட்டயே கேளு."

போனில் காற்று இரைந்தது. றிம்ஸான் கடற்கரையில் எங்கோ நின்றான்.

"யசோ, மெய்யா? வாளிய மாத்தினது அந்தப் புள்ளயா?"

ஹாஜியார் அவனைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய அவனுடைய சேர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் ஆணியில் பெட்டி சாவி. பெட்டி கட்டிலுக்கடியில். உடுப்பை அதில் போட ஐந்து நிமிஷம் போதும். பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் உடப்பு. நாளைக்குக் காலை கயிறு. கயிற்றின் முன்னால் ஒரு முதுகு, அது திரும்பும்.

காலையில் கற்பூரம் அணைக்கச் சொன்னார்கள், அவன் தயாராக இருந்தான். இப்போது கற்பூரம் இல்லை, கோயில் இல்லை, ஒரு போனும் கட்டிலும்தான்.

"ஓம், அவதான்," என்றான் யசோதரன்.

"ஆ," என்றான் றிம்ஸான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அந்த ஆவில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் அவனுக்கும் குஞ்சு வேண்டும். வேறு ஹெச்சரி தேடி அலைவதைவிட இதை நம்புவது சுகம்.

ஹாஜியார் போனைப் பையில் போட்டார். எழும்பும்போது அவன் முழங்காலில் ஒரு தடவை தட்டினார், ஆட்டுக்குட்டியைத் தட்டுவது போல.

பின்னேரம் ஹாஜியாரும் யசோதரனும் மட்டும் முட்டை அறைக்குப் போனார்கள். வாளித் தண்ணீரை அவனே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் கொட்டினான். பாண் துண்டைக் காகம் தூக்கியது. இந்தத் தரம் வாளியைக் கடல் தண்ணீரால் நிரப்பச் சொன்னார் ஹாஜியார். போத்தலைத் தன் கையாலேயே சரித்தார். பிளேன்டி நிறம் வந்தது. நிறுத்தவில்லை. இன்னும் சரித்தார். தண்ணீர் கறுத்தது.

"இனிப் பிளேன்டி இல்ல," என்றார். "கோப்பி."

ஆஸ்பத்திரி மணம் கண்ணை எரித்தது. யசோதரன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது இப்போது இலேசாக வந்தது. நாளைக்கோ மறுநாளோ முட்டை பொரிக்கும். பொரித்தால், அந்தப் பிள்ளை போன பிறகு கிருமியும் போய்விட்டது என்று முஸம்மில் ஊர் முழுக்கச் சொல்லுவான். அதில் பொய் என்று காட்டுவதற்கு ஒரு தட்டும் இருக்காது.

"அந்த ஆய்வு அறைய இனி மீன் சாப்பாட்டு மூட்டை வெக்க எடுப்பம்," என்று சொல்லி, ஹாஜியார் ஒரு சாவியை அவன் கையில் வைத்தார். "புள்ளட்டச் சொல்லியாச்சி. அவ சாமான எடுத்துட்டுப் போன ஒடனே பூட்டு. சாவி ஒன்ட்டயே இருக்கட்டும். நம்பிக்கையான ஆள் நீ."

அவன் போனபோது முஃப்லிஹா தட்டுகளை ஒரு தாச்சியில் போட்டு அவித்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு அனுப்பிய பிறகும் அவித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் புள்ளிகள் கொதி தண்ணீரில் கரைந்துவிட்டன. அடுப்பை அணைத்து, தண்ணீரை வடித்து, தட்டுகளைத் துணியில் கவிழ்த்து வைத்தாள். நுணுக்குக்காட்டிக்கு உறை போட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிய பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"றிம்ஸான் நாநா எனக்குப் போன் எடுத்த," என்றாள்.

அவன் சாவியை விரலில் சுற்றினான்.

"நான் ஒண்டும் சொல்லல்ல. யசோ அண்ணன் சொன்னா சரி எண்டுட்டு வெச்சிட்டன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். காற்றில் மணம் இங்கே வரைக்கும் வந்திருந்தது. "மருந்து போட்டாச்சா? என்ன நெறம்?"

"கோப்பி."

"அது கூடிப்போச்சி. அந்தளவு போட்டா பற்றீரியாவும் சாகும், முட்டையும் வெந்திரும். ராவைக்கு முட்டை எடுக்க முதல் பாதிய ஊத்திட்டுக் கடல் தண்ணி விடுங்க. முட்டைய முக்கி ஒடனே எடுத்திரணும், வெச்சிட்டு நிக்கப்படாது."

"ஹாஜியார் அப்பிடித்தான் போடச் சொன்னவர்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். காலையில் அவனுடைய தட்டைப் பார்த்தது போலவே பார்த்தாள், கோபமில்லாமல், என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது போல.

"காலைல சத்தியம் பண்ணுறன் எண்டு சொன்னீங்களே அண்ணன். நல்ல காலம், கோயிலுக்குப் போகல்ல."

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினாள். மண்ணில் நாலு அடி வைத்து, ஏதோ மறந்தது போல நின்று, திரும்பி வந்து கையை நீட்டினாள். குடை அறைக்குள்ளே கதவுக்குப் பின்னால் தொங்கியது. அவன் எடுத்துக் கொடுத்தான். அவனுடைய விரல் படாமல் பிடியில் பிடித்து வாங்கினாள்.

பஸ் வருகிற நேரம். அவள் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். யசோதரன் உள்ளே எட்டி விளக்கை நிறுத்தினான். கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.